கிளிக்... கிளிக்... பந்தயக் காரின் ரகசியம் இந்தத் திருகில்!

பந்தயக் கார் சீறிப் பாயும்போது எல்லார் கண்ணும் டிரைவர் மேல்தான், டயர் மேல்தான். பிட் கொட்டகையின் பின்பக்கம், ஆயில் வாசம் தூக்கலாக அடிக்கும் அந்தச் சின்ன மேஜையை எட்டிப் பார்ப்பார் யாருமில்லை. வாங்க, இன்றைக்கு நாம் நேராக அங்கேதான் போகிறோம்!

மேஜையில் பளபளவென்று படுத்திருப்பது சுவீடன் நாட்டு ஓலின்ஸ் கம்பெனியின் டிடிஎக்ஸ்40 ஷாக்அப்சார்பர். மோட்டோகிராஸ் பைக் பந்தயத்தில் ஊறிய கென்ட் ஓலின் 1976-இல் தொடங்கிய கம்பெனி அது. பொருள் ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் அதில் நான்கு திருகுகள்! அமுங்கும்போது இரண்டு, விரியும்போது இரண்டு. கராஜ் பாஷையில் பம்ப், ரீபவுண்ட். ஒவ்வொன்றிலும் மெதுவான அசைவுக்கு ஒன்று, வேகமான அசைவுக்கு ஒன்று.

இங்கே வேகம் என்பது காரின் வேகமில்லை, ஷாக்குக்குள் ஆயிலைத் தள்ளும் பிஸ்டனின் வேகம்! பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்வதும் வளைவில் கார் சாய்வதும் மெதுவான அசைவுகள். பிஸ்டன் வினாடிக்கு சுமார் 5 செ.மீ.க்குள்தான் நகரும். பாதை ஓரத்துக் கட்டையில் சக்கரம் ஏறினால் அது வேகமான அசைவு.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெல்ல அழுத்துங்கள், சுலபமாக வழியும். வேகமாக அழுத்துங்கள், கையை எதிர்க்கும். அதேதான்! இந்த ஷாக்கின் பிஸ்டனில் ஓட்டையே கிடையாது. அது தள்ளும் ஆயில் முழுக்க, திருகுகள் இருக்கும் வால்வுகள் வழியாகத்தான் போயாக வேண்டும். மெதுவான அசைவுக்கான திருகு, ஆயில் போகும் வழியை ஓர் ஊசி முனையால் குறுக்குகிறது. வேகத்துக்கான திருகு, குட்டி ஸ்பிரிங்கை இறுக்கி, எவ்வளவு அழுத்தத்தில் வால்வு திறக்கலாம் என்று தீர்மானிக்கிறது. குலுக்கலின் சக்தி எல்லாம் ஆயிலில் சூடாகிக் கரைகிறது. ஓடி வந்த காரின் ஷாக்கைத் தொட்டால் கை சுடும்!

இப்போது இந்த மேஜையின் பெரிய ரகசியம். வளைவின் நடுவே கார் ஒரே சாய்வில் நிற்கும்போது பிஸ்டன் அசைவதில்லை. அசையாத பிஸ்டன் எதையும் தடுக்காது! வெளிப்பக்க டயருக்கு எவ்வளவு பாரம் போகும் என்பது இந்தத் திருகின் கையில் இல்லை. அது முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பிரியும் என்பதில் ஸ்பிரிங்குக்கும், இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டிரோல் பாருக்கும்தான் பேச்சு. அந்தப் பாரம் எத்தனை சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுதான் ஷாக்கின் ராஜ்ஜியம். "திருப்பினால் மூக்கு தாமதமாக வருகிறது" என்று டிரைவர் சொல்கிறாரா? முன்பக்கம் மெதுவான பம்ப் திருகை இரண்டு கிளிக், அதாவது இரண்டு படி, இறுக்கிப் பார்ப்பார் மெக்கானிக். டயர் சட்டென்று பாரம் ஏற்கும், கார் உடனே கேட்கும்!

அப்படியென்றால் எல்லாவற்றையும் இறுக்கிவிடலாமே? கூடவே கூடாது! ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு மேட்டில் அமுங்கிய சக்கரம் அடுத்த மேட்டுக்குள் விரியாது. மேட்டுக்கு மேடு கார் தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். அளவுக்கு மீறித் தளர்த்தினால் கார் ஆடிக்கொண்டே இருக்கும்; டயரின் பிடி கூடிக் கூடிக் குறையும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில கிளிக்குகளில்தான் பந்தயமே!

உங்கள் காரிலும் திருகு வைத்த ஷாக் இருக்கிறதா? திருகைக் கடைசிவரை மென்மையாக மூடுங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். அங்கிருந்து திறந்தபடி கிளிக்குகளை எண்ணி, நோட்டில் எழுதுங்கள். ஒரே அச்சின் இடமும் வலமும் சமமாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதே ரோடு, அதே டயர் காற்று. கார் உங்களிடம் எவ்வளவு பேசுகிறது என்று நீங்களே பாருங்கள்!