லேப்டாப் திரை: கோளாறைக் கண்டறிவதும் பேனலை மாற்றுவதும்

பெரும்பாலான லேப்டாப்களின் திரை தானாக ஒளிர்வதில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இருக்கும் திரவப் படிகம் வெளிச்சத்தை விடவும் தடுக்கவும் மட்டுமே செய்கிறது. வெளிச்சம் வருவது பின்னாலிருந்து. பேனலின் ஒரு விளிம்பில் வரிசையாகப் பதித்திருக்கும் எல்இடி விளக்குகள் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்ச, ஒளிகடத்தும் பிளாஸ்டிக் தகடு ஒன்று அதைத் திரை முழுக்கப் பரப்புகிறது. இதற்குப் பேக்லைட் என்று பெயர். ஓஎல்இடி திரைகள் மட்டும் விலக்கு. அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

முழு எச்டி திரை ஒன்றில் 1920 பத்திகளும் 1080 வரிசைகளுமாக இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. எந்தப் புள்ளி எவ்வளவு ஒளியை விட வேண்டும் என்ற கட்டளை மதர்போர்டில் தயாராகி, கீல் வழியாக மேலேறும் மெல்லிய கேபிளில் பயணம் செய்து, பேனலின் அடியில் இருக்கும் சிறு சர்க்யூட் பலகையை அடைகிறது. அந்தப் பலகைதான் கட்டளையைப் பத்திகளுக்கும் வரிசைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது.

ஆகவே திரை இருண்டுபோனால் காரணம் பெரும்பாலும் நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும்: படத்தை உருவாக்கும் மதர்போர்டு, அதைக் கொண்டுவரும் கேபிள், பேக்லைட், பேனல். இவற்றில் எது என்று பார்க்காமல் நேரே புதிய பேனல் வாங்கிவிடுவதுதான் வீட்டில் பழுது பார்ப்பவர்கள் பணத்தை இழக்கும் வழி. கேபிள் கெட்ட லேப்டாப்பில் எத்தனை பேனல் மாற்றினாலும் படம் வராது. சோதிக்கச் செலவே இல்லை. கொஞ்சம் பொறுமை போதும்.

முதல் சோதனை, எச்டிஎம்ஐ கேபிளால் லேப்டாப்பை டிவியிலோ வேறு மானிட்டரிலோ இணைத்துப் பார்ப்பது. வெளித்திரையில் படம் தெளிவாக வந்தால் மதர்போர்டும் கிராபிக்ஸ் சிப்பும் பெரும்பாலும் நலம். கோளாறு கேபிளிலோ பேக்லைட்டிலோ பேனலிலோ இருக்கிறது. படம் வராவிட்டால் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, காட்சியை வெளித்திரைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒன்றும் இல்லையென்றால் சந்தேகம் மதர்போர்டு மீதும் ரேம் மீதும் திரும்புகிறது. ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தியதும் திரை உயிர்பெறுவது அரிதல்ல. வெளித்திரையிலும் அதே கோடுகள், அதே நிறச் சிதறல் என்றால் பேனலைக் குறை சொல்வதில் பொருளில்லை.

இரண்டாவது சோதனைக்கு செல்போன் டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, லேப்டாப்பை இயக்கி, கறுத்திருக்கும் திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடிக்க வேண்டும். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிந்தால், படம் பேனல்வரை ஒழுங்காக வந்து சேர்கிறது, பேக்லைட் மட்டும் எரியவில்லை என்று பொருள். எல்இடி வரிசை கெட்டிருக்கலாம், கேபிளில் அதற்கான கம்பி அறுந்திருக்கலாம், மதர்போர்டில் அதற்கென்று இருக்கும் சிறு பியூஸ் போயிருக்கலாம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. திரை முழுக்க வெள்ளையாக எரிந்து படம் ஏதும் இல்லாவிட்டால், வெளிச்சம் இருக்கிறது, கட்டளை வரவில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் முனை.

மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைப்பது மூன்றாவது சோதனை. ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால் குற்றவாளி கேபிள்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். திறக்கும்போதும் மூடும்போதும் கீலுக்குள் மடங்கி மடங்கித் தேய்வது அதுவே. இந்தக் கோளாறுக்கு ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ப்ரோ நல்ல எடுத்துக்காட்டு. 2016 அக்டோபரில் வெளிவந்த வடிவமைப்பில் கேபிள் மிக மெலிதாக இருந்தது, நீளமும் போதவில்லை. நாளடைவில் திரையின் அடியில் மேடை விளக்கு வரிசைபோல் ஒளித்திட்டுகள் தோன்றின. பிறகு மூடியை ஓரளவுக்கு மேல் திறந்தாலே பேக்லைட் அணைந்தது. கேபிள் திரையோடு ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் மலிவான அந்தப் பொருளுக்காக முழு மூடியையும் மாற்ற வேண்டியிருந்தது. 2019 மே மாதத்தில் 13 அங்குல மாடல்களுக்கு ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது. கேபிளைத் தனியே கழற்ற முடியும்படி வைக்காத வடிவமைப்பு வாங்கியவருக்கு எவ்வளவு பாரமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோடுகளும் கறைகளும் தம் கதையைத் தாமே சொல்லிவிடும். மை சிந்தியதுபோல் கறுப்புத் திட்டு பரவியிருந்தால் உள்கண்ணாடி உடைந்திருக்கிறது. பேனலை மாற்றுவதைத் தவிர வழியில்லை. விசைப்பலகைமேல் பேனாவையோ இயர்போனையோ வைத்து மூடியதால் நேரும் சேதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மேலிருந்து கீழாக நகராமல் நிற்கும் மெல்லிய கோடு, பேனலின் விளிம்பில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் இணைப்புப் படலம் விட்டுப்போனதன் அடையாளம். ஓரத்தை அழுத்தினால் கோடு மறைவதும் திரும்புவதும் அதனால்தான். சூடுகாட்டி அதைச் சரிசெய்வதாகச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அந்த ஒட்டு ஆலையில் இயந்திரம் போடுவது, வீட்டில் நிலைக்காது.

கோடு மென்பொருளால் வந்ததா என்று ஐயம் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு கருவியில் திறந்து பார்க்கலாம். பேனல் கோளாறு ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாகாது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன் வரும் பயாஸ் திரையிலும் கோடு இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் மேல் பழி இல்லை. டெல் லேப்டாப்கள் பலவற்றில் டி விசையை அழுத்தியபடியே மின்பொத்தானைத் தட்டினால், திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக நிறம் மாறித் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். திரை அணைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூடி மூடப்பட்டதை அறிய மூடியில் காந்தமும் உடலில் உணரியும் இருக்கின்றன. காந்தப் பூட்டுள்ள செல்போன் உறை அருகில் கிடந்தாலே லேப்டாப் தன்னை மூடியதாக எண்ணித் திரையை அணைத்துவிடக்கூடும்.

பேனல்தான் கெட்டது என்று உறுதியானபின் அடுத்த வேலை, சரியான மாற்றுப் பேனலை வாங்குவது. லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பது போதாது. ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேனல்கள் வந்திருக்கும். பழைய பேனலைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிப்பதே நம்பகமான வழி. என்156 என்று தொடங்கினால் இன்னோலக்ஸ், எல்பி156 என்றால் எல்ஜி, பி156 என்றால் ஏயூஓ தயாரிப்பு. 156 என்பது 15.6 அங்குலத்தைக் குறிக்கும். வேறு நிறுவனத்தின் பேனலும் பொருந்தும், ஆனால் அளவு, புள்ளிகளின் எண்ணிக்கை, இணைப்பியின் ஊசிகள் 30ஆ 40ஆ, இணைப்பி எந்தப் பக்கம் இருக்கிறது, திருகு மாட்டும் காதுகள் உண்டா என்ற ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். 1366க்கு 768 பேனலை எடுத்துவிட்டு முழு எச்டி பேனல் போடும் ஆசை பலருக்கு வருகிறது. பழைய கேபிளில் அதற்குத் தேவையான தகவல் கம்பிகள் பல சமயம் இருக்காது. அப்போது கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய பேனலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்கினால் குழப்பம் குறையும்.

மாற்றும் வேலையில் ஒரு விதியை மட்டும் ஒருபோதும் மீறக்கூடாது: அடாப்டரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரியின் இணைப்பையும் கழற்றிய பிறகே திரையின் கேபிளைத் தொட வேண்டும். அந்த இணைப்பியில் 3.3 வோல்ட் ஊசிகளுக்குச் சற்றுத் தள்ளியே பேக்லைட்டுக்கான உயர்ந்த மின்னழுத்தமும் வருகிறது. மின்சாரம் இருக்கும்போது கேபிள் சற்றே சாய்ந்து இறங்கினாலும் பேக்லைட் பியூஸ் எரிந்துபோகலாம். அப்போது புதிய பேனலும் இருளாகவே நிற்கும். வீட்டில் நடக்கும் மாற்றங்கள் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு திரையைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்ற வேண்டும். சில மாடல்களில் மூலைகளில் ரப்பர் மூடிகளுக்கு அடியில் திருகுகள் மறைந்திருக்கும். அவற்றை எடுத்தபின் பழைய ஏடிஎம் அட்டை போன்ற பிளாஸ்டிக்கை இடுக்கில் நுழைத்து நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். இரும்புத் திருப்புளி வேண்டாம். பேனல் திருகுகளால் நின்றால் அவற்றைக் கழற்றி, விசைப்பலகைமேல் துணி விரித்து பேனலைக் குப்புறச் சாய்க்க வேண்டும். புதிய மாடல்களில் திருகுக்குப் பதில் இரு பக்கமும் இழுபடும் ஒட்டுநாடா இருக்கும். அதன் நுனியைப் பிடித்து, மெதுவாக, பேனலுக்கு இணையாக இழுத்தால் முழுதாக வந்துவிடும். அவசரப்பட்டால் நடுவில் அறும். கேபிளின்மேல் உள்ள நாடாவை உரித்து, கம்பிப் பூட்டு இருந்தால் தூக்கி, இணைப்பியைப் பேனலுக்கு இணையாகவே உருவ வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் ஊசிகள் வளையும். புதிய பேனலை இணைத்ததும் சட்டத்தை மாட்டிவிடாமல் பேட்டரியை இணைத்து ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். படம் வந்தால் மறுபடி அணைத்து, பேட்டரியைப் பிரித்து, மீதியைப் பொருத்தலாம்.

டெல், லெனோவோ, எச்பி நிறுவனங்கள் மாடல்வாரியான பழுதுநீக்கக் கையேடுகளைத் தம் தளங்களில் இலவசமாக வைத்திருக்கின்றன. திருகுகளின் இடமும் எண்ணிக்கையும் அவற்றில் படத்தோடு இருக்கும். தொடுதிரை லேப்டாப்களிலும் மேக்புக்குகளிலும் வீட்டு முயற்சி வேண்டாம் என்பதே நியாயமான ஆலோசனை. அவற்றில் பல மாடல்களில் கண்ணாடியும் பேனலும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். மூடி முழுவதையும் மாற்றுவதே வழக்கம். வாரண்டி இன்னும் முடியாத லேப்டாப்பையும் வீட்டில் திறக்க வேண்டாம்.

கழற்றிய பேனல் வீட்டுக் குப்பைக்குப் போகக்கூடாது. 2010க்கு முந்தைய லேப்டாப்கள் பலவற்றில் எல்இடிக்குப் பதில் குளிர் கேத்தோடு குழல்விளக்கு இருந்தது; அதில் பாதரசம் உண்டு. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடப்பில் உள்ளன. உடைந்த பேனலைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ உற்பத்தியாளரின் சேகரிப்பு மையத்திலோ ஒப்படைத்துவிடுங்கள்.