போலீஸ் கேஸ் இருந்தா ஹோம் லோன் கிடைக்குமா?

திட்டக்குடியிலேர்ந்து ஒரு அண்ணன் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவர் மேல ஒரு பழைய செக் பவுன்ஸ் கேஸ். பணத்தைக் கட்டி கோர்ட்டிலேயே சமரசமா முடிச்சிட்டார். இப்ப வீடு கட்ட லோன் போடணும். "ஃபார்ம்ல கேஸே இல்லைன்னு போட்டுடவா தம்பி?"

சிபில் ரிப்போர்ட்ல கடன், கிரெடிட் கார்டு கணக்குதான் இருக்கும், எஃப்ஐஆர் இருக்காது. ஆனா இ-கோர்ட்ஸ் தளத்துல கோர்ட்டையும் பேரையும் போட்டுத் தேடினா வழக்கு வந்துடும். மறைக்கிறது வீண்.

நான் கோட் எழுதுறவன், இதை இஃப் கண்டிஷன் மாதிரிதான் படிப்பேன். 'வழக்கு நிலுவையில் உள்ளதா?', 'தண்டனை பெற்றதுண்டா?', 'எப்போதாவது வழக்கு இருந்ததா?' மூணும் வேற வேற கேள்வி. செக் பவுன்ஸ், 138-வது பிரிவுப்படி 2 வருஷம் வரை ஜெயில் போகக்கூடிய குற்றம்தான். ஆனா கோர்ட் அனுமதிச்ச சமரசம் விடுதலைக்குச் சமம். அதனால முதல் ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு போடுறது பொய் ஆகாது. மூணாவதுக்கு மட்டும் 'ஆம்'.

இன்சூரன்ஸுக்கும் இதேதான். 2021 ஏப்ரல்ல வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில தீ, வெள்ளம் ரெண்டுக்கும் கவர் உண்டு. வெள்ளாத்துப் பக்கம் வீடு கட்டுறவங்களுக்குத் தேவைதான். கேட்ட கேள்விக்குப் பொய் எழுதியிருந்தா, வீட்டுக்குள்ள தண்ணி வந்து க்ளெய்ம் போடும்போதுதான் அது வெடிக்கும். பிரிட்டன்ல 1974 சட்டப்படி, காலம் கடந்த பெரும்பாலான தண்டனைகளைச் சொல்லவே வேண்டாம். இங்க பெரியவங்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை.

அண்ணா, முதல்ல கோர்ட்ல காப்பி அப்ளிகேஷன் போட்டு, சமரச உத்தரவோட சான்றிட்ட நகலை வாங்குங்க. லோன் ஃபைல்ல அதையும் சேர்த்து வைங்க.