ஸ்டியரிங் ஆடுகிறதா? சாமான் வாங்கும் முன் ஆட்டத்தைத் தேடுங்கள்

உங்கள் வீட்டு வாசலில் பழைய மாருதி 800 ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் எங்கோ 'டக்'கென்று ஒரு சத்தம். நேரான சாலையிலும் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. மெக்கானிக்கிடம் கேட்டால், "எண்டு போயிடுச்சு சார்" என்கிறார். அந்த எண்டு என்பது எது? அதை நீங்களே மாற்ற முடியுமா?

முடியும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கைக்கு அரைநாள் வேலை. ஆனால் தேய்ந்தது அதுதானா என்று முதலில் தெரிய வேண்டும். ஆட்டம் ஓரிடத்தில் இருக்க, சாமானை வேறிடத்தில் மாற்றிவிட்டு வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

சக்கரம் எப்படித் திரும்புகிறது?

ஸ்டியரிங் தண்டின் அடிநுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது சுழலும்போது, குறுக்கே படுத்திருக்கும் ராக் (பல் வெட்டிய இரும்புக் கம்பி) இடவலமாக நகர்கிறது. ராக்கின் இரு முனைகளிலிருந்தும் டை ராடு (சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் தண்டு) ஒவ்வொன்று புறப்பட்டுச் சக்கரத்துக்குப் போகிறது. அது சக்கரத்தின் கையோடு (சக்கரத்தைத் திருப்ப நீட்டியிருக்கும் இரும்புத் துண்டு) சேரும் மூட்டுதான் டை ராடு எண்டு.

நம் தோள்மூட்டு மாதிரிதான் இதுவும். கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, சுற்றிலும் கிரீஸ், மேலே ஒரு ரப்பர் தொப்பி. ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண்ணும் மழைநீரும் உள்ளே போகும், குண்டு தேயும். ஆட்டம் பிறப்பது இப்படித்தான்.

என் வண்டி பிரீமியர் பத்மினி ஆயிற்றே என்கிறீர்களா? அதில் ராக் கிடையாது, ஸ்டியரிங் பாக்ஸ் உண்டு. மூட்டுகளும் கூடுதல். சோதிக்கும் முறை அதற்கும் ஓரளவு பொருந்தும். மற்றவை ராக் உள்ள வண்டிகளுக்கானவை.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மெல்ல இடவலமாக அசையுங்கள். சக்கரம் அசையத் தொடங்கும் வரை ஸ்டியரிங்கின் விளிம்பு எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். சிறிய கார்களில் 30 மி.மீ. வரை பொதுவாக ஏற்கலாம். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சோதனைக்கு ஜாக்கி வேண்டாம், வீட்டில் ஒருவர் துணை போதும். வண்டி தரையில் நிற்கட்டும். அவர் ஸ்டியரிங்கை விடாமல் இடவலமாக அசைக்கட்டும். நீங்கள் குனிந்து, டை ராடு எண்டின் மேல் விரலை வையுங்கள். தண்டு நகர்ந்து, சக்கரத்தின் கை சற்றுத் தாமதித்து நகர்ந்தால் அந்த இடைவெளி விரலுக்கே தெரியும். நல்ல மூட்டு ஒரே துண்டாக நகரும்.

இரண்டாவது சோதனைக்கு முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே மட்டும் ஆடினால் எண்டையோ ராக்கையோ சந்தேகப்படலாம். 12, 6 இடங்களிலும் ஆடுகிறதா? துணைக்கு இருப்பவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கீழே உள்ள பால் ஜாயிண்டைப் (சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு) பாருங்கள். அப்போது எண்டை மாற்றிப் பயனில்லை.

அதுவரை ஓட்டலாமா?

மூட்டின் ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தால் ஓட்டாதீர்கள். குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றால் அந்தச் சக்கரம் தன் போக்கில் திரும்பும். ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தும் பயன் இருக்காது.

என்னென்ன வேண்டும்?

ஜாக்கி, ஸ்டாண்டு, பின்சக்கரத்துக்கு அடைக்கட்டை, ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், புல்லர் (மூட்டைப் பிரிக்கும் கருவி), கொஞ்சம் பெயிண்ட். புது எண்டோடு புது ஸ்பிளிட் பின்னும் (நட்டு கழலாமல் தடுக்கும் இரட்டைக் கம்பி) வாங்குங்கள். மாருதி 800-க்கு எண்டின் விலை சில நூறு ரூபாய்தான். அதிலும் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெயர் தெரியாத சாமானை வாங்காதீர்கள். சென்னை ஜி.பி. ரோடு போன்ற இடங்களில் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் மரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்படிக் கழற்றுவது?

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு அடை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கைவைக்கவே கூடாது. முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்டாண்டு இருந்தாலும், கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

மரைகளைத் தேய்த்துச் சுத்தம்செய்து, எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். லாக் நட்டு (எண்டை டை ராடோடு இறுக்கிப் பிடிக்கும் நட்டு) இப்போது நிற்கும் இடத்தில் மரைமேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள்.

பழைய ஸ்பிளிட் பின்னை உருவி, மேல் நட்டை மூட்டின் முனைவரை தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். மூட்டின் தண்டு கூம்பு வடிவில் சக்கரத்தின் கைக்குள் இறுகியிருக்கும். புல்லரை மாட்டி முறுக்கினால் 'படார்' என்று ஒரு சத்தத்தோடு விடும். நட்டு இருப்பதால் எதுவும் தெறிக்காது. புல்லர் இல்லையென்றால் சக்கரத்தின் கையில் உள்ள துளையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டலாம். மரைமேல் தட்டினால் மரை மழுங்கிவிடும்.

இப்போது நட்டை எடுத்துவிட்டு எண்டைத் திருகிக் கழற்றுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்று வாய்விட்டு எண்ணி, காகிதத்தில் எழுதிவையுங்கள். நான் முதல் தடவை எண்ணாமல் கழற்றினேன். மறுநாள் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் ஓடியது.

மாட்டும்போது எதைக் கவனிப்பது?

புது எண்டை அதே எண்ணிக்கையில் திருகி, லாக் நட்டு அந்தப் பெயிண்ட் கோட்டில் வந்து நிற்கிறதா பாருங்கள். கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள். அது உலர்ந்திருந்தால்தான் பிடிக்கும். நட்டை இறுக்கும்போது குண்டும் சேர்ந்து சுழல்கிறதா? கூம்பு இன்னும் உட்காரவில்லை. மூட்டைக் கீழிருந்து ஜாக்கியால் மெல்ல அழுத்திக்கொண்டு இறுக்குங்கள்.

கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு முறுக்கிய பிறகும் பின் போடும் துளை நேராக வரவில்லையா? இன்னும் சற்று இறுக்குங்கள். துளைக்காக நட்டைத் தளர்த்தக் கூடாது. புதுப் பின்னைச் செருகி, இரு கால்களையும் மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போட்டால் அது மடங்கிய இடத்திலேயே முறியும். பின்னுக்குப் பதில் நைலான் வளையம் உள்ள நட்டு வந்திருந்தால், அதுவும் ஒரு தடவைக்குத்தான். கடைசியாக லாக் நட்டை இறுக்குங்கள்.

சுற்று சரியாக எண்ணினேனே, அலைன்மெண்ட் எதற்கு?

புது மூட்டின் நீளம் ஓரிரு மி.மீ. மாறினாலே சக்கரங்களின் பார்வை மாறிவிடும். விட்டுவைத்தால் டயரின் ஓரம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மழித்தாற்போல் தேய்ந்துபோகும். எண்ணிக்கை உங்களை அலைன்மெண்ட் கடைவரை பத்திரமாகக் கொண்டுபோகத்தான். அங்கே மெதுவாகப் போய், 'டோ' (இரு முன்சக்கரங்களின் முகம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரிபார்த்து வாங்குங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

ஆட்டம் ராக்கிலேயே இருந்தால் கைவைக்காதீர்கள். அதில் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் ஆட்டம் குறையும். கொஞ்சம் கூடிப்போனால் வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேராகாமல் பிடித்து நிற்கும். பவர் ஸ்டியரிங் உள்ள ராக்கையும், ஏர் பேக் உள்ள ஸ்டியரிங்கையும் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஒரு வேலை மட்டும் எப்போதும் உங்களுடையதுதான். மாற்றிய மறுநாள், சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, டார்ச்சோடு குனிந்து பாருங்கள். பின் மடங்கியபடியே இருக்கிறதா, லாக் நட்டு அசையாமல் இருக்கிறதா, ரப்பர் தொப்பி கிழியாமல் இருக்கிறதா? வண்டியைக் கழுவும்போதெல்லாம் அந்த ரப்பரை ஒரு தடவை தடவிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து சில மாதம் கழித்துத்தான் அந்த 'டக்' சத்தம் கேட்கத் தொடங்கும்.