பீடியும் டி.பி.யும்: கணக்கெடுக்க ஆள் வேண்டும்

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் ஞாபகம் வரும். டிப்ளமோ படிக்கிற நமக்கு அதில் என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இருவர் கணக்கோடு எழுதினார்கள். சரி, ஆனால் அது அந்த ஊர்க் கணக்கு. நம் கிராமங்களில் பீடிதான் அதிகம், டி.பி.யும் அதிகம். அவர்கள் கணக்கை இங்கே எடுத்துக்கொள்வது, அடுத்தவன் ஜாப்பில் வெர்னியர் வைத்து அளந்துவிட்டு நம்ம ரெக்கார்டு நோட்டில் எழுதுகிற மாதிரிதான். (அதை நாம் செய்வதே இல்லையா என்று கேட்காதீர்கள்!)

சிக்கல் என்னவென்றால், இங்கே நிறையப் பேர் வீட்டிலேயே இறக்கிறார்கள். எதனால் இறந்தார் என்று எழுத டாக்டர் இருப்பதில்லை. என் பெரியப்பாவுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி வேண்டும். டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பீடியும் பிடிப்பார். அவர் இறந்தபோது வீட்டில் 'விதி' என்றார்கள். பீடியைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

சென்னையில் டாக்டர் கஜலட்சுமி குழுவினர், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ போன்றவர்களோடு சேர்ந்து, இதற்கு ஒரு வழி கண்டார்கள். டாக்டர் அல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, இறந்தவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் எத்தனை நாள், உடம்பு இளைத்ததா, சளியில் ரத்தம் வந்ததா என்று வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே எழுதி வர வேண்டும். அதைப் படித்து நோய் எது என்று முடிவு செய்தது டாக்டர்கள். பீடி, சிகரெட் பழக்கத்தையும் கேட்டுக் குறித்தார்கள். இப்படி 1990-களின் பிற்பகுதியில் இறந்த சுமார் 43,000 ஆண்களின் விவரம் சேர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருந்த 35,000 ஆண்கள்.

முடிவு 2003-ல் 'லான்செட்' இதழில் வந்தது. புகைப்பவர்கள் டி.பி.யால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் 4 மடங்கு. ஆண்களின் டி.பி. சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகையே காரணம். டி.பி. கிருமி பலர் உடம்பில் சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். புகை நுரையீரலின் காவலைக் கெடுக்க, அது எழுந்துகொள்கிறது. இதை லண்டன் கணக்கு நமக்குச் சொல்லியிருக்காது.

அதே 2003-ல் உலக நாடுகள் ஏற்ற புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 20-வது பிரிவு, ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. காகிதத்தில் சுலபம்தான். வளரும் நாடுகளில் கேள்வி கேட்கத் தெரிந்தவர்களைத் தயார் செய்வதுதான் கஷ்டம். ஆனால் நடக்கிறது. 2016-17-ல் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில், கையடக்கக் கருவியோடு வீடு வீடாகப் போய் 74,037 பேரிடம் கேட்டார்கள். பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை உபயோகிக்கிறார்கள், அதிலும் மெல்லுகிறவர்களே அதிகம் என்று தெரிந்தது.

போன லீவில் ஊருக்குப் போனபோது பெரியம்மாவிடம் நோட்டோடு உட்கார்ந்தேன். "எதுக்குடா தம்பி இப்ப இதெல்லாம்?" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். இருமல் ஆரம்பித்த வருஷம் ஞாபகமில்லை. "அக்கா கல்யாணத்துக்கு முந்தின தை" என்றார். எழுதி முடித்தபோது ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது.