கதவுக்குள் ஒரு தேன்கூடு

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடுக்ககத்தில் வாடகை வீடு. படுக்கையறைக் கதவின் உருண்டைப் பூட்டு ஆடுகிறது. மூன்று முறை முடுக்கியாயிற்று, ஒரு மாதம் தாங்குவதில்லை. ஆசாரியை அழைத்திருக்கிறார். பூட்டு மட்டமானது என்று சொல்லி அவர் புதியது மாட்டிக் கொடுத்தார். இப்போது அதுவும் ஆடுகிறது. “ஆடாத பூட்டு எந்தக் கம்பெனியில் கிடைக்கும்?” என்று கேட்கிறார்.

சகோதரி, இன்னொரு பூட்டு வாங்க வேண்டாம். முதலில் கதவைத் தட்டிப் பாருங்கள்.

என் அம்மா தேங்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து விரலால் சுண்டிப் பார்ப்பார். உடைக்காமலே உள்ளே இருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். கதவுக்கும் அதே வித்தைதான். விளிம்போரம் விரல் முட்டியால் தட்டுங்கள். ‘டொக்’ என்று கட்டையான ஒலி வரும். அப்படியே நடுப்பகுதிக்கு நகருங்கள். காலி அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல ஒலி மாறிவிடும். இப்போது பூட்டைச் சுற்றித் தட்டுங்கள். அங்கேயும் அட்டைப்பெட்டி ஒலிதான் கேட்டால், கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

அந்தக் கதவு உள்ளீடற்ற கதவு. கடையில் ‘ஸ்கின் டோர்’ என்பார்கள். நான்கு ஓரமும் மெல்லிய மரச்சட்டம். இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு தோல். பார்வைக்கு ஆறு பலகை வைத்து இழைத்த தேக்குக் கதவுபோல இருக்கும் அந்தத் தோல், மரநாரை ஆவியில் வேகவைத்து அழுத்திய அட்டை. இந்த அட்டையை 1924இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லாரல் ஊரில் உருவாக்கியவர் வில்லியம் மேசன். மர அறுவை ஆலையில் கழிவாகக் கிடந்த சிராய்களைப் பயன்படுத்த வழி தேடியபோது பிறந்த பொருள் அது. 35 மி.மீ. கதவில் இரண்டு தோலும் சேர்ந்து 6 மி.மீ. என்றால், மீதி 29 மி.மீ. இடைவெளியில் என்ன இருக்கிறது?

காகிதம் இருக்கிறது. பல கதவுகளில், தேன்கூடு வடிவக் காகிதம்.

இந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. என் அக்கா கல்யாணத்துக்கு மாமா மதுரையிலிருந்து காகித மணிகள் வாங்கி வந்தார். பையிலிருந்து எடுக்கும்போது அரை மணி வடிவில் வெட்டிய தட்டையான அட்டை. இரண்டு பக்கத்தையும் பிரித்துச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தால், கண்ணெதிரே ஒரு முழு மணி உருண்டு நிற்கும். கல்யாணம் முடிந்ததும் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக; ஒவ்வொரு தாளிலும் பசைக்கோடுகள். ஒரு தாளில் பசை இருக்கும் இடத்துக்கு நேராக அடுத்த தாளில் பசை இல்லை, இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம். இழுத்தால் பசை பிடித்த இடம் சேர்ந்தே நிற்கும், பிடிக்காத இடம் விரியும், அறை அறையாகத் திறந்துகொள்ளும்.

ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஹான்ஸ் ஹைல்புரூன் 1901இல் இந்த முறையைக் கண்டுபிடித்தது அலங்காரக் காகிதம் செய்யத்தான். கல்யாணப் பந்தலில் தொங்கிய மணியும் படுக்கையறைக் கதவின் வயிற்றில் இருப்பதும் ஒரே கருவில் பிறந்தவை. ஆலைக்குக் காகிதம் தட்டையாக வந்து சேரும். சட்டத்துக்குள் வைத்து இழுத்துவிட்டால் கதவின் அகலத்துக்கு விரிந்துகொள்ளும்.

அறுகோணம் ஏன் என்றால், தளத்தைச் சம பரப்புள்ள அறைகளாகப் பிரிக்க மிகக் குறைந்த சுவர் செலவாகும் வடிவம் அது. நாலாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் தேனீக்களின் இந்தச் சிக்கனத்தைப் பற்றி எழுதிவிட்டார். கணிதமுறைப்படி முழுமையாக நிறுவிக் காட்டியவர் தாமஸ் ஹேல்ஸ், அதுவும் 1999இல்தான். தேனீக்கு அன்றாட வேலையாக இருப்பதை மனிதர்கள் நிரூபிக்க இத்தனை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

செங்குத்தாக நிற்கும் இந்தக் காகிதச் சுவர்கள் இரு தோல்களையும் விலகாமலும் நெருங்காமலும் பிடித்து வைக்கின்றன. அதனால்தான் உள்ளே பெரும்பகுதி காற்றாக இருந்தும் கதவு வளையாமல் நிற்கிறது. முழு உள்ளங்கையால் அழுத்தினால் பல சுவர்கள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் சிறிய இடத்தில் அழுத்தினால் அங்கிருக்கும் நாலைந்து சுவர்கள்தான் தாங்க வேண்டும்; அவை நசுங்கிவிடும். நசுங்கிய காகிதம் மறுபடி நிமிர்வதில்லை.

பூட்டு செய்வது இந்த இரண்டாவது வேலையைத்தான். கதவில் இரண்டு துளை போட்டு மாட்டும் உருண்டைப் பூட்டை உலகத்துக்குப் பழக்கியவர், ஜெர்மனியில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் குடியேறிய வால்ட்டர் ஷ்லேக். அதற்குமுன் உளிகொண்டு குடைந்து பூட்டை உள்ளே இறக்க வேண்டியிருந்தது. இன்று முகப்பில் 54 மி.மீ. துளை ஒன்று, விளிம்பில் 25 மி.மீ. துளை ஒன்று, ஆசாரிக்கு வேலை முடிந்தது. வெளிப்பக்கத் தகட்டையும் உட்பக்கத் தகட்டையும் இரண்டு நீண்ட மரையாணிகள் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் பிடிக்கின்றன. நடுவில் அகப்பட்டிருப்பது கதவு.

ஆணி எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பள்ளி நாட்களில் சைக்கிள் கேரியரில் ரேஷன் அரிசி கொண்டுவந்தபோது கற்றேன். பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டிக் கட்டுவோம். இழுத்துக் கட்டிய டியூப் தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவைதான் மூட்டையைப் பிடித்திருக்கும். அரிசி மூட்டை வீடு வரை அசையாது. அதே கேரியரில் வைக்கோல் கட்டு ஏற்றினால், நாலு மேடுபள்ளம் தாண்டுவதற்குள் வைக்கோல் அமுங்கிவிடும். டியூப் தொளதொளத்துத் தொங்கும். தவறு டியூப்பிலா?

இரும்பு ஆணியும் அந்த டியூப்தான். முடுக்கும்போது அது நீள்கிறது, நீண்டபின் சுருங்கப் பார்க்கிறது. பூட்டின் ஆணியைக் கையால் முடுக்கினால் அது நீளும் அளவு ஒரு தலைமுடியின் பருமனைத் தாண்டாது. இதை நினைவில் வையுங்கள். தோல் ஒரு முடியளவு உள்வாங்கினாலே ஆணியின் இழுவை முழுவதும் தீர்ந்துவிடும். பிறகு கதவை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அதிர்வில் ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். நீங்கள் மறுபடி முடுக்குகிறீர்கள். இன்னும் சில காகிதச் சுவர்கள் நசுங்குகின்றன. மூன்று முறை முடுக்கிய வாசகி மூன்று முறையும் நோயை வளர்த்திருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இந்தச் சிக்கலை உணர்ந்துதான் பூட்டு வரும் இடத்தில் ஒரு மரக்கட்டையை உள்ளே வைத்துக் கதவு செய்கிறார்கள். சில கதவுகளில் அது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அவசரத்தில் கதவைத் திருப்பி மாட்டினாலோ, வழக்கமான உயரத்தை விட்டு மேலேயோ கீழேயோ துளை போட்டாலோ, பூட்டு காகிதத்தில் போய் உட்காரும். கட்டையே வைக்காத மலிவுக் கதவுகளும் விற்கப்படுகின்றன. குடியிருப்பவர் தட்டிப் பார்க்க மாட்டார் என்ற தைரியத்தில் செய்யப்படும் இந்த வேலையை என்னால் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

விமானத்தின் தரைப்பலகைகளும் தேன்கூட்டு அடுக்குகள்தான். அங்கேயும் ஆணி முடுக்க வேண்டியிருக்கிறது. ஆணி வரும் இடத்தைச் சுற்றியுள்ள அறைகளில் பிசினை நிரப்பி, நடுவில் உலோக உறையைப் பதித்து, அது இறுகியபின் அதில் முடுக்குகிறார்கள். வெற்றிடத்தை நிரப்பிய பிறகே ஆணி. நம் கதவுக்கும் அதுவே மருத்துவம்.

உட்பக்கக் குமிழின் கழுத்தில் ஒரு சிறு துளையோ பிளவோ இருக்கும். மெல்லிய ஆணியால் அதை அழுத்திக்கொண்டு குமிழை இழுத்தால் கையோடு வரும். பின்னாலிருக்கும் வட்ட மூடியை அதன் ஓரப் பள்ளத்தில் நெம்புங்கள். இரண்டு ஆணிகள் தெரியும். கழற்றிப் பூட்டை வெளியே எடுத்து, டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். சுற்றிலும் மரம் தெரிந்தால் நல்லது. ஆணிகளில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து, ஆட்டம் நிற்கும் வரை மட்டும் முடுக்கினால் போதும். குமிழ் திரும்ப இறுக்கமாக இருந்தால் அளவு மீறிவிட்டது, கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

காகிதம் தெரிந்தால் பொறுமை வேண்டும். துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதத்தைச் சுரண்டி எடுங்கள். இரு தோல்களுக்கும் இடையிலான இடைவெளியை அளந்து, சரியாக அதே பருமனில் மரத்துண்டுகள் நறுக்கிக்கொள்ளுங்கள். பருமன் குறைந்தால் பயனில்லை. கூடினால் தோல் புடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் பிடிமானத்துக்கு ஒரு சிறு ஆணியை முடுக்கி, பெவிகால் தடவி, துளை வழியே உள்ளே செலுத்தி, மேலும் கீழும் உட்புறமும் அணைத்து வையுங்கள். இடுக்குகளில் எம்-சீல் பிசைந்து அடையுங்கள். பூட்டு உட்காரும் வட்டம் மட்டும் காலியாக இருக்க வேண்டும். ஒரு முழு நாள் காயட்டும். பிறகு பூட்டை மாட்டிப் பாருங்கள். தட்டினால் ஒலியே மாறியிருக்கும்.

புதுக் கதவு வாங்குபவர்கள் இரண்டு எண்களைக் கேட்டு வையுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2202 என்பது உள்ளே திடமாக நிரம்பிய ஃபிளஷ் கதவு, ஐ.எஸ். 2191 என்பது அறைகள் கொண்ட, உள்ளீடற்ற வகை. பின்னதை வாங்குவதில் தவறில்லை. எடை குறைவு, விலை குறைவு. பூட்டுக் கட்டை எந்தப் பக்கம் என்று கேட்டு, மாட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாங்கியபின் அதை நடத்தும் விதமும் இருக்கிறது. நம் வீடுகளில் கதவுக் குமிழ் என்பது பை மாட்டும் கொக்கி. குழந்தையின் புத்தகப்பை, ஈரத் துண்டு, குடை, காய்கறிப் பை, எல்லாம் அதில்தான். சிறுவர்கள் இரு பக்கக் குமிழையும் பிடித்துக்கொண்டு கதவோடு ஊஞ்சலாடுகிறார்கள். பெரியவர்களும் குமிழைப் பிடித்தே கதவை இழுத்து அறைகிறோம். காகிதத்தின்மேல் நிற்கும் ஒரு பொருளுக்கு இது கொடுமை. ஐம்பது ரூபாய்க்குச் சுவரில் அடிக்க ஒரு கொக்கி கிடைக்கிறது.

ஆடும் குமிழைச் சிறு தொல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். ஆட்டம் முற்றினால் குமிழ் சுற்றும், நாக்கு உள்ளே வராது. அறைக்குள் இருப்பவர் அகப்பட்டுக்கொள்வார். பூட்டு ஆடாவிட்டாலும் அகப்பட்டுக்கொள்வது உண்டு. என் உறவினர் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை அறைக்குள் போய், குமிழிலிருக்கும் பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டது. முக்கால் மணி நேரம் குழந்தை உள்ளே அழ, தாய் வெளியே அழ, கடைசியில் கடப்பாரையால் கதவைப் பிளந்தார்கள். அந்தப் பூட்டின் வெளிக்குமிழ் நடுவில் ஒரு சிறு துளை இருந்தது. நேரான மெல்லிய கம்பியை அதில் விட்டு அழுத்தினால் உள்பொத்தான் விடுபட்டுவிடும், அதற்காகவே வைத்த துளை. அங்கிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

உங்கள் வீட்டு வெளிக்குமிழிலும் அந்தத் துளை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் பொருத்தமான கம்பி ஒன்றை நிலைக்கு மேலே வைத்து, வீட்டில் எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள். சாவித்துளை இருந்தால் சாவி அறைக்கு வெளியே இருக்கட்டும்.