பூதமும் வாட்ச்மேனும்

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு டயாலிசிஸ் இயந்திரம் இருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவத்தை ஒரே இடத்தில் கலந்து, பல படுக்கைகளுக்குக் குழாய் வழியே அனுப்பும் பெரிய அமைப்பு அது. வேண்டும் என்று கேட்டவர் சிறுநீரக மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர்; கட்டிக் கொடுத்தவர் அணுப் பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப். அதோடு பழகியவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மான்ஸ்டர்', அதாவது பூதம்.

அந்தப் பெயரில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. பூதம் என்றால் காவு கேட்கும்; புதையலையும் காக்கும். சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தால் சில வாரங்களில் மரணம் என்றிருந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி நடைமுறைக்கு உதவிய முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு ரத்தக் குழாயைத் திறக்க வேண்டும். திறப்பதற்குக் குழாய்கள் தீர்ந்ததும் சிகிச்சையும் நின்றுவிடும். 1960-இல் ஸ்க்ரிப்னர், கையின் தமனியையும் சிரையையும் இணைத்து நிரந்தரமாக வைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். அதை முதலில் பொருத்திக்கொண்ட கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

உயிர் காக்கும் வழி வந்துவிட்டது, படுக்கைகள்தான் போதவில்லை. 1962-இல் சியாட்டிலில் திறந்த டயாலிசிஸ் மையத்தில் யாருக்கு இடம் தருவது என்பதை 7 பேர் கொண்ட குழு ஒன்று முடிவு செய்தது. வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் எனச் சாதாரண மனிதர்கள் அடங்கிய குழு. அவர்கள் கூடிப் பேசி எழுந்தபோது சிலருக்கு வாழ்வு கிடைத்தது, சிலருக்கு இல்லை. பாபுக்குத் தெரிந்த குடும்பத்துப் பள்ளி மாணவி ஒருத்திக்கு, வயது போதாது என்பதால் இடம் கிடைக்கவில்லை. அவளுக்காகவே பூதத்தைச் சுருக்கினார்கள். 1964-இல் உருவான அந்த இயந்திரத்தின் பெயர் 'மினி-1'. அது அவள் வீட்டுக்கே போனது. அதை இயக்கக் கற்றுக்கொண்டவர் அவளுடைய தாய்.

அந்தக் காலத்து வீட்டு டயாலிசிஸை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. நார்வேக்காரர் கீல் வடிவமைத்த வடிகட்டியை ஒவ்வொரு முறையும் பிரித்து மாட்ட வேண்டும். பலகைகளுக்கு நடுவே சவ்வுத் தாள்களைச் சுருக்கம் விழாமல் விரித்து, திருகி இறுக்கி, காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, ஃபார்மலின் விட்டு, பிறகு அந்த நெடி போகும்வரை அலச வேண்டும். இதையெல்லாம் முடித்த பிறகுதான் நோயாளி படுக்கப் போவார். இரவு முழுவதும் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வரும். ஒரு பங்கு அடர்கரைசலுக்கு 34 பங்கு தண்ணீர் என்று இயந்திரம் தானே கலந்துகொள்ளும். கலவை பிசகினால் மணி அடித்து நிறுத்திக்கொள்ளும். இந்தக் காவல் இருந்ததால்தான் நோயாளி தூங்க முடிந்தது.

இன்று வடிகட்டி என்பது ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பிளாஸ்டிக் குழல். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். உறையைக் கிழித்து மாட்டினால் போதும். 2005-இல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதி பெற்ற நெக்ஸ்ட்ஸ்டேஜ் இயந்திரத்தின் எடை சுமார் 34 கிலோ. அதை எடுத்துக்கொண்டு பயணம் போகிறவர்களும் உண்டு. பலகை கழுவிய கைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனாலும் ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது. அன்றைய குடும்பத்துக்கு இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தச் சத்தம் சரி, எது கோளாறு என்று தெரியும். செய்தவருக்கும் அது யாருக்கென்று தெரியும். ஒரு பெண்ணின் முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு செய்தார்கள். இன்றைய இயந்திரம் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணைச் சொல்லி உதவி மையத்துக்குப் போன் செய்ய வேண்டும். தொழிற்சாலையில் அதைப் பூட்டியவருக்கு அது யார் கட்டிலோரம் நிற்கப் போகிறது என்று தெரியாது. யாருக்கென்று தெரியாமல் செய்த பொருளை நம்முடையதாக்கிக்கொள்ள நம்மிடம் மிஞ்சியிருப்பது ஒரு பெயர் வைப்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அன்று செய்தவர்களும் இயக்கியவர்களும் வைத்த பெயரை இன்று படுத்திருப்பவரும் பக்கத்தில் இருப்பவரும் வைக்கிறார்கள்.

மற்றக் கருவிகளிலும் இந்த மாற்றம் தெரிகிறது. 1928-இல் டிரிங்கரும் ஷாவும் போலியோ நோயாளிகள் மூச்சுவிட உதவியாகச் செய்த எந்திரத்தை உலகம் 'இரும்பு நுரையீரல்' என்றது. அந்தப் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் வந்த இன்சுலின் பம்ப்பை, அதன் பருமனுக்காக, 'பெரிய நீலச் செங்கல்' என்றார்கள். இரும்பு, செங்கல், பூதம்: எல்லாம் எடையைச் சொல்லும் பெயர்கள். கருவிகள் இளைத்த பிறகு பெயர்கள் ஆட்களைப் போலாகிவிட்டன.

நம் ஊரில் டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் மையத்துக்குப் போவதுதான். வாரம் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது சேர்ந்தபின் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பணமில்லாமல் பாதியில் நின்றவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே இயந்திரத்துக்கு எண்தான். "எனக்கு நாலாம் நம்பர் மெஷின்தான் ராசி" என்று ஒருவர் சொல்லி, அது காலியாகும்வரை காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் உறவு வளர இடமில்லை. நாலாம் நம்பரில் அடுத்த ஷிஃப்டுக்கு இன்னொருவர் வந்து படுக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் முறை அது. பகலில் பையை மாற்றலாம். இரவெல்லாம் தானே விட்டு எடுக்கும் சைக்கிளரும் வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இந்தச் சைக்கிளர். கட்டிலோர ஸ்டூலின் மேல் ஒரு சூட்கேஸ் அளவில் உட்கார்ந்திருக்கும். அதன் தலைமேல் திரவப் பை சூடாகிக்கொண்டிருக்கும். ஹால் மூலையில் பைகள் வந்த அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும்.

அவர் ஒருக்களித்துப் படுத்தால் குழாய் உடம்புக்கடியில் மடங்கிவிடும். திரவம் வடியாது. உடனே இயந்திரம் கத்தும். முதல் மாதம் அந்தச் சத்தம் கேட்டு வீடே பதறி எழுந்தது. அவருடைய மனைவி விளக்கைப் போட்டுக் கைநடுங்கக் குழாயைத் தேடுவார். பிறகு எப்போதோ அந்த அம்மா அதற்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்தார். இரவு முழுக்க விழித்திருக்கிறது, சந்தேகம் வந்தால் விசில் அடிக்கிறது என்பது காரணம்.

"என்னங்க, வாட்ச்மேன் விசில் அடிக்கிறார், திரும்பிப் படுங்க."

இருட்டில் இது கேட்டதும் அவர் தூக்கக் கலக்கத்திலேயே புரண்டு படுப்பார், குழாய் நிமிரும், சத்தம் அடங்கும். விளக்குப் போடும் வேலையில்லை. பேரன் விடுமுறைக்கு வந்தால், சாப்பாடு முடிந்ததும், "தாத்தா, வாட்ச்மேன் டியூட்டிக்கு வந்துட்டாரா?" என்று கேட்பான். ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது இயந்திரத்தை எடுத்துப் போவதில்லை. பகல் பைகளோடு சமாளித்துக்கொள்வார்கள். ஜன்னல் கம்பியில் பையை மாட்டிவிட்டு, வாட்ச்மேனுக்கு லீவு என்பார்கள்.

போன வருடம் அந்த இயந்திரம் பழுதாகி, கம்பெனி ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார். பழையதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார். புதியதன் சத்தம் வேறு. கொஞ்சம் மென்மையாக, விட்டு விட்டுக் கேட்டது. ஒரு வாரம் அதைப் 'புது வாட்ச்மேன்' என்றார்கள். அப்புறம் வெறும் வாட்ச்மேன்தான்.