காருக்கு வெளியே ஒரு படி

டீ ஆறுவதற்குள் ஒரு சின்ன விஷயம் பேசிவிடலாம். பழைய ஹாலிவுட் படங்களில் வரும் கார்களைக் கவனித்திருப்பீர்கள். முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை பக்கவாட்டில் நீளமாக ஒரு ஃபுட்போர்டு இருக்கும். துப்பாக்கியும் கையுமாக ஒருவன் அதில் தொற்றிக்கொண்டு போவான். அவன் நிற்பதற்காகவா அதை வைத்தார்கள்?

ஃபோர்டு மாடல் டி காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்த வண்டி. டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் உயரம் 30 அங்குலம். அச்சுக்கு மேலே வில், அதற்கு மேலே சேஸிஸ், அதற்கும் மேலேதான் ஆள் உட்காரும் பெட்டி. இப்படி அடுக்கினால் தளம் உயரத்தானே செய்யும்? ஏறுவதற்கு இடையில் ஒரு படி தேவைப்பட்டது. பெட்டி குறுகல், சக்கரங்கள் அதற்கு வெளியே தள்ளி நின்றன. சக்கரம் வாரி இறைக்கும் சேறு அந்த இடைவெளி வழியாக மேலே தெறிக்கும். பலகை அதையும் தடுத்தது.

இடம் கிடைத்தால் சாமான் சேராமல் இருக்குமா? கருவிப்பெட்டி, பயண மூட்டை எல்லாம் அதன்மேல் ஏறின. 1915க்கு முந்தைய மாடல் டி கார்களில் டிரைவர் பக்கப் பலகைமேல் ஒரு பித்தளைக் குடுவை நிற்கும். உள்ளே கார்பைடு கல். அதன்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு கிளம்பி, குழாய் வழியே முன்விளக்குக்குப் போய் எரியும். மின்விளக்கு வந்ததும் குடுவைக்கு வேலை போயிற்று.

பலகைக்கும் அதே கதிதான். 1936இல் வந்த கார்டு 810 காரில் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றியது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு தளத்துக்கு அடியில் இல்லாததால் தளம் தாழ்ந்தது, படி தேவைப்படவில்லை. 1938இல் காடிலாக் சிக்ஸ்டி ஸ்பெஷலும் பலகையைக் கைவிட்டது. பிறகு வந்த கார்களில் பெட்டியே சக்கரங்களுக்கு மேலாக அகன்று, பலகை இருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் தரையை ஒட்டி ஓடும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 2003 வரை பலகை எப்படி இருந்தது? அதன் பெட்டி கடைசிவரை குறுகலாகவே இருந்தது. மட்கார்டுகளும் தனியாகவே புடைத்து நின்றன. ஏறுவதற்குப் படி வேண்டாம்தான். சேற்றைத் தடுக்க ஏதாவது வேண்டுமே!